தன்னியக்க நீரிறைப்பும் மின்கம்பி இரைச்சலும்

காலத்தோடு பாய்ச்சிய நீர் பயிரை வளர்க்கும். காலந்தவறிய நீர் பயிருக்கும் பயனில்லை, கமக்காரனுக்கும் பயனில்லை. மூதூர்ப் பகுதியில் இவ்வுண்மையை விரித்துக் கூற வேண்டியதில்லை. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் இவ்விடத்தில், அல்லைத் திட்டத்தின் வாய்க்கால்களால் நீர்பெறும் வயல்கள் ஒருபுறம் உள்ளன. கிணற்று நீரையே நம்பிய மேட்டுநிலத் தோட்டங்களும் வீட்டு வளவுகளும் மற்றொரு புறம் உள்ளன. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசுங் காலத்தில் மணற்பாங்கான நிலம் விரைவில் உலர்ந்துவிடும். அக்காலத்தில் வெங்காயம், மிளகாய், கத்தரி முதலிய பயிர்களுக்கு இரண்டு நாள் நீர் தவறினாற்கூட, பல வாரத்து உழைப்பு வாடிப்போகும்.

துலாவும் பட்டையும் கொண்டு நீரிறைத்த காலம் மாறி, மண்ணெண்ணெய்ப் பொறியும், பின்னர் மின்மோட்டரும் வந்தன. இப்பொழுது மோட்டரைத் தானாகவே இயக்கி நிறுத்தும் தன்னியக்கிகளும் வீட்டு வளவுகளில் இடம்பெற்று வருகின்றன. நீர்த்தாங்கி நிரம்பியதும் மிதப்பு ஆளி மோட்டரை நிறுத்துகிறது. மண்ணின் ஈரம் குறைந்ததும் உணரி சொட்டுநீர்க் குழாயைத் திறக்கிறது. வெளியூரில் இருப்பவரும் கைப்பேசியினால் மோட்டரை இயக்குகிறார். தமிழ்நாட்டில் மும்முனை மின்சாரம் இரவு வேளைகளில் கிடைக்கும் இடங்களில், கமக்காரர் இருளில் வரப்பில் நடந்து பாம்புக்கடிக்கு ஆளாகாதிருக்க இத்தகைய கைப்பேசிக் கருவிகள் பெரிதும் உதவின. அங்கு வேளாண்மைப் பொறியியல் துறை இவற்றை வாங்குவதற்கு மானியமும் வழங்கியுள்ளது.

ஆயினும், நல்ல கருவி வாங்கியவர் அனைவரும் நற்பயன் அடைவதில்லை. சில வளவுகளில் கட்டளை கொடுத்தும் மோட்டர் இயங்குவதில்லை. சிலவற்றில் எவரும் கட்டளையிடாமலே இயங்கத் தொடங்குகிறது. வேறு சிலவற்றில் மோட்டர் தொடங்கிய அக்கணமே தன்னியக்கி மயங்கி நின்றுவிடுகிறது. கருவி பழுது என்று அதனைக் கழற்றி எறிபவரும் உளர். புதியதொன்று வாங்கி, அதுவும் அவ்வாறே நடக்கக் கண்டு மனம் சோர்பவரும் உளர். பெரும்பாலும் குற்றம் கருவியினது அன்று. அது பொருத்தப்பட்டுள்ள மின்கம்பிகளில் ஓடும் இரைச்சலே அதற்குக் காரணம். அவ்விரைச்சல் எங்கே பிறக்கிறதென அறிந்து, பிறக்கும் இடத்திலேயே அதனை அடக்குவது குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் வழியாகும்.

இரைச்சல் என்பது யாது?

இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அளவினது. அது 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ற்று வரை அமையலாம். அம்மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. தெளிந்த வாய்க்காலில் ஒரே சீராக எழுந்து விழும் அலையை இதற்கு ஒப்பிடலாம். அவ்வாய்க்காலில் ஒருவர் கல்லெறிந்தால் சிற்றலைகள் பெரிய அலையின் மேல் ஏறி வருகின்றன. மின்கம்பியிலும் இவ்வாறே 50 அலைகளுடன் சேர்ந்து வரும் வேண்டாத சிற்றலைகளையும் துடிப்புகளையும் இரைச்சல் என்பர்.

மின்குமிழும் மோட்டரும் இவ்விரைச்சலைப் பொருட்படுத்துவதில்லை. தன்னியக்கியோ மிகச் சிறிய மின்னழுத்தங்களைப் படித்து முடிவு செய்யும் கருவி. பெருங்கூச்சல் நிறைந்த சந்தையில் மெல்லப் பேசும் ஒருவரின் சொல்லைத் தவறாகக் கேட்பதுபோல், இரைச்சலின் நடுவே அது கட்டளையைத் தவறவிடுகிறது. சிலவேளை இரைச்சலையே கட்டளையெனக் கொள்கிறது.

இரைச்சல் தன்னியக்கியை அடையும் வழிகள் மூன்று. முதலாவது, மின்கம்பி வழியே நேராக வருவது. இரண்டாவது, அருகருகே ஓடும் இரு கம்பிகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடுகையின்றியே தூண்டப்படுவது. மூன்றாவது, மோட்டர் தொடங்கும்பொழுது மின்னழுத்தம் திடீரெனத் தாழ்வதனால் தன்னியக்கி தன் உணவை இழப்பது. இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

மின்கம்பியே தூதாகும் முறை

வீட்டுத் தன்னியக்கத்தின் வரலாற்றில் இவ்விரைச்சல் புதியதன்று. 1975ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளென்றோதெஸ் நகரில் இருந்த பிக்கோ எலெக்ட்ரோனிக்ஸ் என்னும் நிறுவனம், வேறு கம்பி இழுக்காமல், வீட்டின் மின்கம்பிகளையே தூதாகக் கொண்டு கட்டளை அனுப்பும் ஒரு முறையை உருவாக்கியது. எக்ஸ் 10 எனப் பெயர்பெற்ற அம்முறை பின்னர் அமெரிக்காவில் பல வீடுகளிற் பரவியது.

மின்னலை ஒவ்வொரு முறையும் சுழியத்தைக் கடக்கும் நேரத்தில் மின்கம்பி சற்றே அமைதியாக இருக்கும். அவ்வேளையில் வினாடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரம், 120 கிலோஹேர்ட்ஸ் அதிர்வுடைய சிறு துடிப்பொன்றை அனுப்புவதே அம்முறையின் அடிப்படை. துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிடிற் சுழியம் எனக் கருவிகள் படிக்கும். இவ்வாறு 16 வீட்டுக் குறிகளும் ஒவ்வொன்றின் கீழும் 16 கருவிக் குறிகளுமாக 256 முகவரிகள் அமைந்தன.

முறை எளிது, அதன் நலிவும் எளிதில் வெளிப்பட்டது. வீட்டிற் கணினியும் தொலைக்காட்சியும் பெருகியபோது கட்டளைகள் காணாமற் போயின. காரணம் இது: இக்கருவிகள் தம்முள் வரும் இரைச்சலைத் தடுக்க, மின்கம்பிகளுக்குக் குறுக்கே கொள்ளளவி என்னும் சிறு உறுப்பைக் கொண்டுள்ளன. 0.1 மைக்குரோபரட்டு அளவினதான ஒரு கொள்ளளவி 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 32,000 ஓம் தடையாக நிற்கிறது. ஆதலின் வீட்டு மின்சாரத்தை அது தீண்டுவதில்லை. ஆனால் 120 கிலோஹேர்ட்ஸ் சைகைக்கு அது 13 ஓம் மட்டுமே. வரம்பில் எலி துளைத்த பொந்து வழியே நீர் வடிவதுபோல், சைகை அவ்வழியே வடிந்து போய்விடுகிறது. ஆகவே கட்டளை கெடுவதற்கு இரைச்சல் மட்டுமன்றிச் சைகை விழுங்கப்படுதலும் காரணமாகும்.

இன்று மின்கம்பி வழியே சைகை அனுப்பும் கருவிகள் பிழை காணும் குறிகளையும், கட்டளை கிடைத்ததென மறுமொழி கூறும் வழக்கத்தையும் பெற்றுள்ளன. எனினும் மேற்கூறிய இரு குறைகளும் கம்பியின் இயல்பிலேயே உள்ளவை. புதிய கருவி வாங்குவதால் மட்டும் அவை நீங்கா.

மூதூர்ப் பகுதியில் இரைச்சல் பிறக்கும் இடங்கள்

கடலோரத்து வளவுகளில் முதலாவதாக ஐயுற வேண்டியது மின்னிணைப்புகளையே. உப்புக்காற்று செப்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது; அலுமினியக் கம்பியைச் செப்புக் கம்பியுடன் வெறுமனே முறுக்கிய இடங்களில் அரிப்பு மேலும் விரைகிறது. தளர்ந்த இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறிகள் இடைவிடாது தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஓர் இரைச்சற் பிறப்பிடம். அதே பொறி ஒருநாள் தீயாகவும் மாறலாம்.

இரண்டாவது, மோட்டரை இணைக்கும் காந்த ஆளி. அதன் சுருள் மின்னை இழக்கும் வேளையில், தன்னுட் சேர்த்த சக்தியைப் பல நூறு வோல்ற்று அளவினதான துடிப்பாக வெளியேற்றும்.

மூன்றாவது, தரங்குறைந்த மின்கலமேற்றிகள், ஒளி காலும் இருவாயிக் குமிழ்கள், சூரிய மின்தகட்டுடன் பொருத்தப்படும் இன்வேர்ட்டர்கள், மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவிகள் என்பன. இவை மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிப் பயன்படுத்துவன. தரமானவற்றுள் வடிகட்டி உள்ளது. மலிவானவற்றில் செலவைக் குறைக்க முதலில் நீக்கப்படும் உறுப்பு அதுவே.

நான்காவது, யானைவேலி. முறையான வேலிக்கருவி ஏறத்தாழ வினாடிக்கொரு முறை பல ஆயிரம் வோல்ற்றுத் துடிப்பை மிகக் குறுகிய நேரத்துக்கு அனுப்புகிறது. கம்பியிற் புல்லும் கொடியும் படர்ந்தாலும், தாங்கி உடைந்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் அங்கே பொறி தெறிக்கும். அவ்வொலி அயலிலுள்ள வானொலியிலும் உணரிகளிலும் கேட்கும்.

கண்டறியும் முறை

இரைச்சலைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மின்கலத்தில் இயங்கும் பழைய மத்திய அலை வானொலிப் பெட்டியொன்று போதும். நிலையம் எதுவும் ஒலிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஒலியைக் கூட்டிக்கொண்டு, மின்பெட்டி, மோட்டர்க் கொட்டில், நீர்த்தாங்கி என ஒவ்வோரிடமாக நடந்து செல்லல் வேண்டும். ஒலி பெருகும் திசையிலேயே பிறப்பிடம் உள்ளது.

ஒலியின் இயல்பும் செய்தி கூறும். ஒழுங்கற்ற சடசடப்பு தளர்ந்த இணைப்பைக் காட்டும். வினாடிக்கொரு முறை வரும் சொடுக்கு வேலியினது. மோட்டர் நிற்கும் வேளையில் மட்டும் வரும் ஒற்றைச் சொடுக்கு காந்த ஆளியினது. இடைவிடாத சீறல் மின்கலமேற்றி அல்லது இன்வேர்ட்டரினது எனக் கொள்ளலாம்.

அடுத்து, வானொலி ஒலித்துக்கொண்டிருக்க, மின்பெட்டியிலுள்ள சுற்றுடைப்பான்களை ஒவ்வொன்றாக நிறுத்துக. எதனை நிறுத்தியதும் ஒலி அடங்குகிறதோ அச்சுற்றிலேயே குற்றம் உளது. பின்னர் அச்சுற்றிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி தனித்து நிற்கும். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் ஒலி அடங்காவிடில், இரைச்சல் அயல்வீட்டிலிருந்தோ வீதிக் கம்பத்திலிருந்தோ வருவதாகும். கம்பத்து இணைப்பைத் தாமே தொடாது மின்சாரப் பணிமனைக்கு அறிவித்தல் வேண்டும்.

இவற்றுடன் ஒரு கொப்பியில், தன்னியக்கி தவறிய ஒவ்வொரு நேரத்தையும், அவ்வேளையில் வளவில் இயங்கிய கருவிகளையும் குறித்து வருதல் நன்று. இரண்டு வாரக் குறிப்பு, பலரின் ஊகத்திலும் மேலானது.

தடுக்கும் வழிகள்

பின்வருவனவற்றைக் கூறிய வரிசையிலேயே செய்க. முதல் மூன்றும் செலவு குறைந்தவை. பெரும்பாலான வளவுகளில் இவற்றோடு தொல்லை நீங்கும். 230 வோல்ற்றுக் கம்பிகளைத் தொடும் எவ்வேலையையும் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்.

1. இணைப்புகளைப் புதுப்பித்தல். எல்லா இணைப்புகளையும் திறந்து, பச்சை அல்லது வெண்பூச்சு படிந்த முனைகளை வெட்டி, புதிய முனையைத் திருகி இறுக்குக. அலுமினியமும் செப்பும் சேருமிடத்தில் அதற்கென அமைந்த இருவுலோக இணைப்பியையே பயன்படுத்துக. வெளியிலுள்ள இணைப்புகள் நீர்புகாப் பெட்டியினுள் இருத்தல் வேண்டும்.

2. மோட்டருக்குத் தனிக் கம்பி, தக்க பருமனில். ஒரு குதிரைவலு உடைய ஒருமுனை மோட்டர் ஓடும்பொழுது ஏறத்தாழ 6 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். தொடங்கும் கணத்திலோ 30 அம்பியர் வரை இழுக்கும். வீட்டிலிருந்து 60 மீற்றர் தொலைவிலுள்ள கிணற்றுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி இழுத்திருப்பின், அக்கணத்தில் ஏறத்தாழ 40 வோல்ற்றுக்கு மேல் கம்பியிலேயே இழக்கப்படும். 2.5 சதுர மில்லிமீற்றராயின் இழப்பு ஏறத்தாழ 27 வோல்ற்று. 6 சதுர மில்லிமீற்றராயின் 11 வோல்ற்று. மோட்டர் தொடங்கும் கணத்தில் தன்னியக்கி மயங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே மின்பெட்டியிலிருந்து மோட்டருக்குப் பருமனான தனிக் கம்பியும், தன்னியக்கிக்கு அதனின்று பிரியாத வேறொரு கம்பியும் செல்லுதல் வேண்டும்.

3. சைகைக் கம்பியை விலக்கிச் செலுத்துதல். மிதப்பு ஆளி, ஈரவுணரி முதலியவற்றின் மெல்லிய கம்பிகளைச் சிக்கனம் கருதி மோட்டர்க் கம்பியுடன் ஒரே குழாயிற் செலுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதுவே காரணமின்றி மோட்டர் இயங்குவதற்கு முதற் காரணமாகலாம். நீண்ட தூரம் அருகருகே ஓடும்பொழுது மோட்டர்க் கம்பியிலிருந்து மற்றதற்கு ஒரு மில்லி அம்பியரிலும் குறைந்த மின்னோட்டம் கசியும். நுண்ணிய தன்னியக்கிக்கு அதுவே கட்டளையாகும். மேலும், வலுக்கம்பியின் காப்பு கெடுமாயின் 230 வோல்ற்று சைகைக் கம்பியில் ஏறி, நீர்த்தாங்கியைத் தொடுபவரைத் தாக்கவுங் கூடும். இரு கம்பிகளும் தனித்தனிக் குழாய்களில், குறைந்தது ஓர் அடி இடைவெளியிற் செல்லுதல் வேண்டும். ஒன்றையொன்று கடக்க நேரின் செங்கோணத்திற் கடத்தல் வேண்டும்.

4. முறுக்கிய கம்பி. சைகைக்கு ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைக் கம்பியைப் பயன்படுத்துக. ஒரு முறுக்கில் தூண்டப்பட்ட இரைச்சலை அடுத்த முறுக்கு எதிர்த்து அழிக்கும். மேலே உலோக உறை உள்ள கம்பியாயின் அவ்வுறையைத் தன்னியக்கியின் பக்கத்தில் மட்டும் புவித்தொடுப்புச் செய்க. இருபுறமும் தொடுப்பின் உறையிலேயே மின்னோட்டம் சுற்றி இரைச்சலை வளர்க்கும். தூரம் அதிகமாயின் மின்னழுத்தத்தால் அளவு கூறும் உணரியைவிட, 4 முதல் 20 மில்லி அம்பியர் மின்னோட்டத்தால் அளவு கூறும் உணரி சிறந்தது. அதில் மின்னோட்டம் சுழியமாயின் கம்பி அறுந்ததென உடனே அறியலாம்.

5. காந்த ஆளிக்கு அடக்கி. சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியும் தொடராக அமைந்த அடக்கியைப் பொருத்தினால் துடிப்பு அங்கேயே அடங்கும். கொள்ளளவி 230 வோல்ற்று மாறுமின்னுக்குக் குறுக்கே பொருத்துவதற்கென உறுதி செய்யப்பட்ட வகையினதாதல் வேண்டும். அடக்கியைத் தன்னியக்கியின் தொடுமுனைக்குக் குறுக்கே பொருத்துதல் தவறு. அவ்வாறாயின் ஏறத்தாழ 7 மில்லி அம்பியர் மின்னோட்டம் எப்பொழுதும் கசிந்து, சிறு ரிலேக்கள் விடுபடாமல் நிற்க இடமுண்டு.

6. வடிகட்டி. இரைச்சல் எழுப்பும் கருவியை மாற்ற இயலாதாயின், அக்கருவிக்கும் கம்பிக்கும் இடையே வடிகட்டி பொருத்துக. இரைச்சல் வீட்டினுட் பரவுமுன் அடக்கப்படும், சைகையும் விழுங்கப்படாது. தன்னியக்கியின் மின்வழியிலும் ஒரு வடிகட்டி இருத்தல் நன்று. ஆனால் மின்கம்பி வழியே கட்டளை பெறும் கருவியின் முன் வடிகட்டி வைத்தல் ஆகாது. இரைச்சலுடன் கட்டளையும் தடைப்படும். வடிகட்டிகள் சிறிதளவு மின்னைப் புவிக்குக் கசியவிடும். பல வடிகட்டிகள் சேரின், 30 மில்லி அம்பியர்க் காப்பு ஆளி காரணமின்றி விழலாம். விழுகிறதென்று அவ்வாளியை நீக்கிவிடுதல் உயிருக்கு இறுதி. வடிகட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தலே தக்கது.

7. புவித்தொடுப்பு. கோடையில் உலர்ந்த மணலில் அடித்த புவிக்கோல் பெயரளவிற்கே புவியைத் தொடும். ஈரம் வற்றாத ஆழம் வரை கோலை இறக்குதல் வேண்டும். ஒன்று போதாதாயின் இடைவெளி விட்டு மேலுமொன்று அடித்து இரண்டையும் இணைக்கலாம். உவர்நிலத்திற் கோல் அரிக்கப்படுமாதலின் ஆண்டுக்கொருமுறை அளந்து பார்த்தல் அவசியம். நல்ல புவித்தொடுப்பின்றி வடிகட்டியும் இடிகாப்பும் தொழிற்படா.

8. இடிகாப்பு. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் மிகும். மின்பெட்டியிற் பொருத்தும் இடிகாப்பு, தொலைவில் விழும் மின்னலால் வரும் பெருந்துடிப்பைப் புவிக்கு இறக்கும். அருகில் இடி முழங்கும்பொழுது தன்னியக்கியைக் கம்பியிலிருந்து கழற்றிவிடுதலே முழுக் காப்பு.

9. வேலி. கம்பியிற் படரும் புல்லையும் கொடியையும் ஒழுங்காக வெட்டுக. வேலியின் புவிக்கோல் வீட்டின் புவிக்கோலிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளியிருத்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அது யானையை மட்டுமன்றி மனிதரையும் கொல்லும். அதற்கு எக்காரணமும் நியாயமாகாது.

மின்தடைக்குப் பின்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை மின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில் நாளுக்குப் பல மணிநேர மின்வெட்டும் இருந்தது. தடைப்பட்ட மின்சாரம் மீளும் கணமே தன்னியக்கிக்குக் கடினமான சோதனை. அயலிலுள்ள மோட்டர்களும் குளிரூட்டிகளும் ஒருங்கே தொடங்குவதால் மின்னழுத்தம் தாழ்ந்தும் உயர்ந்தும் அலையும், துடிப்புகளும் மிகும்.

ஆதலின் தன்னியக்கியை வாங்கும்பொழுதே இரு பண்புகளைக் கேட்டறிதல் வேண்டும். மின்சாரம் மீண்டதும் அது மோட்டரை நிறுத்திய நிலைக்கே திரும்புகிறதா? மீண்டும் தொடங்குமுன் சில நிமிடம் பொறுத்திருக்கிறதா? இவ்விரண்டும் இல்லாத கருவி விலை மலிந்ததாயினும் வாங்கத்தக்கதன்று.

கம்பியில்லா முறை

மேற்கூறிய இடர்களைத் தவிர்க்கக் கட்டளையை வானலை வழியே அனுப்பும் முறைகள் இன்று பரவி வருகின்றன. நீர்த்தாங்கிக்கும் மோட்டருக்கும் இடையே நீண்ட கம்பி இல்லாமையால் தூண்டல் இரைச்சல் நீங்குகிறது. மின்னல் தாக்கும் வழியும் ஒன்று குறைகிறது. தாங்கியின் உணரி மின்கலத்தில் இயங்குமாயின் மின்கம்பியுடன் அதற்குத் தொடர்பே இல்லை. ஆனால் மோட்டர்ப் பக்கத்திலுள்ள கருவி மின்கம்பியிலிருந்தே உணவு பெறுகிறது. ஆகவே தளர்ந்த இணைப்பு, மெல்லிய கம்பி, அடக்கியற்ற காந்த ஆளி ஆகிய குறைகள் அங்கும் தொல்லை தரும். கம்பியில்லா முறை, கம்பியைச் செப்பனிடுவதற்கு மாற்றாகாது.

உயிர்க்காப்பு

எவ்வளவு நன்றாகச் செப்பனிட்டாலும் இரைச்சல் முற்றாக ஒழியாது, குறையும். ஆயிரத்தில் ஒரு முறை தவறிய கட்டளை வரக்கூடும் எனக் கருதியே வளவை அமைத்தல் வேண்டும்.

மோட்டரின் அருகே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருங்கே துண்டிக்கும் கையாளியொன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். கிணற்றில் இறங்குமுன்னும், மோட்டரையோ குழாயையோ தொடுமுன்னும், அதனை நிறுத்திப் பூட்டி, திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்க. கைப்பேசியில் நிறுத்தினேன் என்று நம்பிக் கிணற்றில் இறங்குதல் ஆகாது. வீட்டிலுள்ள பிள்ளை கைப்பேசியைத் தொடலாம். இரைச்சல் ஒன்று கட்டளையாகலாம். நீருள் நிற்பவருக்கு அக்கணமே போதும்.

மோட்டர் எவ்வளவு நேரம் ஓடினாலும் குறித்த நேரத்தில் தானே நிற்கும் எல்லை ஒன்றும், கிணற்றில் நீர் வற்றினால் நிறுத்தும் காப்பு ஒன்றும் தன்னியக்கியில் இருத்தல் வேண்டும். நீரில்லாமல் ஓடும் மோட்டர் சிறிது நேரத்தில் வெந்துபோகும். தன்னியக்கி முற்றாகப் பழுதடைந்தாலும் கையால் மோட்டரை இயக்கிப் பயிருக்கு நீர்பாய்ச்ச வழி இருத்தலும் அவசியம். கச்சான் காற்று வீசும் நாளிற் பயிர், கருவி செப்பமாகும்வரை காத்திராது.

முடிவுரை

தன்னியக்கி கமக்காரனின் நேரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தும் நல்ல வேலையாள். நல்ல வேலையாளுக்கும் தெளிவாகச் சொல்லிய கட்டளையும் ஒழுங்கான உணவும் வேண்டும். இணைப்பை இறுக்குதல், மோட்டருக்குத் தனிக் கம்பி இடுதல், சைகைக் கம்பியை விலக்குதல் ஆகிய மூன்றையும் செய்த பின்னரே அடக்கி, வடிகட்டி முதலியவற்றுக்குப் பணம் செலவிடுக. வரம்பைக் கட்டாமல் நீரை ஏற்றுபவனுக்கு நீரும் மிஞ்சாது, உழைப்பும் மிஞ்சாது.

சிறுபோகம் தொடங்குமுன் பங்குனி மாதத்தில் ஒருநாளை இதற்கென ஒதுக்குதல் சாலச் சிறந்தது. அன்று வானொலியுடன் வளவைச் சுற்றிவருக, இணைப்புகளைத் திறந்து பார்க்குக, புவிக்கோலை அளப்பிக்குக, கையாளியை நிறுத்தியும் இயக்கியும் சோதிக்குக. கோடை முழுவதும் நீர் தவறாமற் பாய்வதற்கு அந்த ஒருநாள் உழைப்பே உறுதியாகும்.